அடுப்பை அணைக்க யாருக்கு உரிமை?

உண்பது எதற்காக என்று கேட்டால், உயிர் வாழ்வதற்காக என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும். ஒரு வீட்டில் என்ன உண்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்டாலோ, கற்றறிந்தவர்களும் சற்றுத் தயங்குவார்கள். சம்பாதித்துப் போடுகிறவரா? சமைத்துப் போடுகிறவரா? போட்டதைத் தின்று வளரவேண்டிய பிள்ளையா? இந்தக் கேள்வியை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. நம் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தோம். சரியாகச் சொன்னால், பத்தொன்பது நாட்கள் அணைந்து கிடந்த அடுப்பிலிருந்து எடுத்தோம்.

நமக்கு நீரிழிவு என்று மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இது நமக்கு மட்டும் வந்த சோதனையன்று. சிங்கப்பூரில் சீனரைவிட இந்தியரிடையே இந்நோய் அதிகம் என்பதும், 2016இல் அரசாங்கமே நீரிழிவின்மீது போர் தொடுப்பதாக அறிவித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. நம்மவர் விருந்துகளை எண்ணிப் பாருங்கள். நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், அதன்மேல் தாளிச்சா, அதற்கும் மேல் இனிப்பு. வீடு திரும்பும் வழியில் பால் ஊற்றிய தேநீர் ஒரு குவளை. நம் உடம்பு எழுதிய புகார் மனுவைத்தான் மருத்துவர் படித்துக் காட்டினார்.

அவ்வேளையில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இயற்கை உணவைப் பற்றிய சிறு நூலொன்றை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நம் பாட்டனார் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர். இன்று தென்காசி மாவட்டம் என்று வழங்கும் அந்தப் பகுதியிலேதான், ஆழ்வார்குறிச்சிக்கு அருகே மலையடிவாரத்தில் சிவசைலம் இருக்கிறது. அங்கே இராமகிருஷ்ணன் என்பவர் நல்வாழ்வு ஆசிரமம் ஒன்றை அமைத்து, தேங்காயும் பழமும் பச்சைக் காய்கறியுமாகச் சமைக்காத உணவையே நோய்க்கு மருந்தாகப் பரப்பினார். மூ. ஆ. அப்பன் என்பாரும் இதையே தமிழில் எழுதிப் பரப்பியவர். அடுப்பேற்றாமல் உண்பது ஏதோ மேனாட்டார் கண்டுபிடித்த நாகரிகம் என்று எண்ணுவோர்க்காக இதைச் சொல்கிறோம். நம் சொந்த மண்ணிலேயே அதற்கு ஆசான்கள் இருந்திருக்கிறார்கள்.

நூலை இரண்டே இரவில் படித்து முடித்தோம். மூன்றாம் நாள் இஷா தொழுகைக்குப்பின் வீட்டாரை அழைத்து உட்காரவைத்து, நாளை முதல் இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்றோம். எழுபத்தெட்டு வயதுத் தாயார், இல்லாள், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன் ஆகிய நால்வரும் கேட்டுக்கொண்டார்கள். எவரும் மறுத்துப் பேசவில்லை. அதையே சம்மதம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். பிழை அங்கேதான் தொடங்கியது. ஆனால் அதை உணர்வதற்குப் பத்தொன்பது நாட்கள் தேவைப்பட்டன.

முதல் வாரம் உற்சாகமாகவே போயிற்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. விடிந்ததும் தேக்கா சந்தைக்குப் போய் வாழைப்பழம், பப்பாளி, தேங்காய், வெள்ளரி, கேரட், வல்லாரை என்று இரண்டு கைகளும் நிறைய வாங்கிவந்தோம். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டிற்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் ஊர். ஆகவே, ஆசிரமத்துத் தோப்பில் கைநீட்டிப் பறிப்பதை நாம் இங்கே பணம் எண்ணிக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எனினும் வயிறு இலேசாயிற்று. எடை இரண்டு கிலோ இறங்கிற்று. வழியில் கண்டவர்களிடமெல்லாம் பச்சை உணவின் பெருமையைச் சொல்லிச் சலிப்பூட்டினோம்.

சமைக்காவிட்டால் பெண்களுக்கு வேலை மிச்சம் என்று அந்நூல் சொல்லிற்று. எழுதியவர் தேங்காய் துருவியிருக்க மாட்டார் என்பது நம் அபிப்பிராயம். ஐந்து பேர் வயிறு நிறையும் அளவுக்குத் துருவவும், நறுக்கவும், ஊறவைக்கவும், முளைகட்டவும், ஒவ்வோர் இலையாக அலசவும் நம் இல்லாள் சுபுஹு தொழுகைக்குமுன் எழுந்தார். அடுப்படி வேலை ஒழிந்தது; அரிவாள்மணை வேலை இரட்டித்தது. அதோடு அவர் கைப்பக்குவம் என்று உற்றார் உறவினர் புகழ்ந்த ஒன்று இருபது ஆண்டுப் பழக்கத்தில் வந்தது. அதை ஒரே இரவில் வேண்டாத சரக்கென்று ஒதுக்கிவைத்தோமே என்ற நினைவு நமக்கு அப்போது எழவில்லை.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சொல்லிச் செல்கிறோம். பல் போன தாயாருக்கு அவலை ஊறவைத்துக் கொடுத்து, இதுவும் பச்சை உணவுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். அவல் என்பது நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்து எடுப்பது. வெல்லமோ காய்ச்சிய சாறு. முந்திரிப் பருப்பும் சூடு காட்டாமல் ஓட்டைவிட்டு வெளிவருவதில்லை. நம் வீட்டு அடுப்பு அணைந்திருந்ததே தவிர, வேறெங்கோ யாரோ நமக்காக நெருப்பு மூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதன்பின் மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, நம் அண்டை வீட்டு மலாய் மூதாட்டியாரைப் பற்றியது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டுக்கு நம் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் போகும், அங்கிருந்து ஒரு பாத்திரம் வரும். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் இது. பாத்திரம் வெறுமையாகத் திரும்பியதில்லை. அந்த வெள்ளியன்று ஆணத்துக்குப் பதிலாக நறுக்கிய பப்பாளியை அனுப்பினோம். மாலையில் அம்மூதாட்டியார் கதவைத் தட்டி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கவலையோடு விசாரித்தார்.

இரண்டாவது, நம் சொந்த மடமைக்குக் கிடைத்த கூலி. சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் சோற்றைச் சட்டென நிறுத்தினால், மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடும். நாம் கேட்கவில்லை. ஒரு நாள் அஸர் வேளையில், சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளிவாசலுக்குப் போகும் வழியில், கைகால் நடுங்கி உடல் வேர்த்து ஒரு கடையின் முன் உட்கார்ந்துவிட்டோம். கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேளாமல் இனிப்புக் கூட்டிய தேநீரைக் கையில் கொடுத்தார். பத்து நாட்களுக்குப்பின் நெருப்பைத் தொட்ட முதற்பொருள் அதுதான். அது நம்மைப் பிழைக்க வைத்தது.

மூன்றாவதே பெரிது. பள்ளியில் இளைய மகனுக்குப் பழம் கட்டிக் கொடுத்தனுப்புவது வழக்கம். தினமும் டப்பா காலியாகத் திரும்பியதால், பிள்ளை நன்றாகப் பழகிக்கொண்டான் என்று பெருமைப்பட்டோம். பதினேழாம் நாள் அவன் சட்டைப் பையிலிருந்த காசுக் கணக்குத் தப்பியது. பழத்தைத் தோழர்களுக்குக் கொடுத்துவிட்டு, பள்ளி உணவகத்தில் மீ கோரிங் வாங்கித் தின்றிருக்கிறான். அதைக்கூட நாம் பெரிதாக நினைக்கவில்லை. “தின்றாயா?” என்று கேட்டபோது, நம் கண்ணைப் பார்த்து “இல்லை வாப்பா” என்றான். அதுவரை அந்தப் பிள்ளை நம்மிடம் பொய் சொல்லி நாம் கேட்டதில்லை. ஒரு தட்டு மீ கோரிங்குக்காகப் பொய் சொல்ல வேண்டிய வீடாக நம் வீட்டை ஆக்கியவர் யார்? அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

இந்தக் கேள்வியோடு நமக்குமுன் மல்லுக்கு நின்ற ஒருவரை நினைத்துப் பார்த்தோம். காந்தியடிகள் பச்சை உணவுச் சோதனையை இரண்டு முறை செய்தவர். 1893இல் பிரிட்டோரியாவில் இளைஞராயிருந்தபோது ஒரு முறை தொடங்கி, சில நாட்களில் கைவிட்டார். 1929இல் சபர்மதியில் தோழர்கள் சிலருடன் சேர்ந்து, முளைகட்டிய கோதுமை, அரைத்த வாதுமை, கீரை, எலுமிச்சை, தேன் என்று மறுபடி தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் வயிற்றுக் கடுப்பு கண்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். திரும்பியதைத் தம் யங் இந்தியா பத்திரிகையில் ஒளிவுமறைவின்றி எழுதியும் விட்டார். தோற்றதை அச்சிட்டுச் சொல்லும் துணிவு உணவு உபதேசிகளிடம் அரிது.

ஆனால் நம்மை நிறுத்தி வைத்தது அந்தச் சோதனையன்று. அவருடைய மகனின் கதை. 1902இல் பம்பாயில் பத்து வயது மணிலால் கடுங்காய்ச்சலில் கிடந்தான். வந்த பார்ஸி மருத்துவர் முட்டையும் கோழி இரசமும் கொடுக்கச் சொன்னார். புலால் உண்ணாத காந்தி மறுத்துவிட்டு நீர்ச் சிகிச்சை செய்தார். மகன் பிழைத்தான். இவ்வளவோடு முடிந்திருந்தால் பிடிவாதக்காரர் ஒருவரின் வெற்றிக் கதையாகவே இது நின்றிருக்கும். ஆனால், தம் கொள்கைப் பித்தைப் பிள்ளைமேல் ஏற்றுவதற்குத் தகப்பனுக்கு என்ன உரிமை என்ற எண்ணம் அந்த இரவுகளில் தம்மை வாட்டியதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மகனிடமும் கேட்டார், மகன் தகப்பனார் இஷ்டத்துக்கே விட்டான். கேட்டது சரிதான். ஆயினும் காய்ச்சலில் கிடக்கும் பத்து வயதுப் பிள்ளை தன் தகப்பனிடம் வேறு என்ன சொல்லும்? பிள்ளை பிழைத்ததனால் தகப்பன் செய்தது சரி என்று ஆகிவிடாது. பிள்ளை இறந்திருந்தால் என்ன சொல்லியிருப்போமோ, அதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இதே காந்தி தென்னாப்பிரிக்காவில், நோயுற்ற தம் மனைவி கஸ்தூரிபாவை உப்பும் பருப்பும் விடும்படி வேண்டினார். உம்மால் விட முடியுமா என்று அம்மையார் கேட்டார். அப்போதே ஓராண்டுக்கு விட்டேன் என்றார் கணவர். அம்மையார் பதறி, அந்த வாக்கைத் திரும்பப் பெறும்படி மன்றாடியும் அவர் பெறவில்லை. பலர் இதை அன்பின் சிகரம் என்பார்கள். நம் வீட்டு அனுபவத்துக்குப்பின் நமக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. பிறர்மேல் சுமத்தும்முன் தன்மேல் சுமத்திக்கொண்டார், அது மேன்மை. அப்படிச் சுமத்திக்கொண்டதனாலேயே மறுக்க முடியாத நிலைக்கு மற்றவரைத் தள்ளிவிட்டார், அது மென்மையான வலுக்கட்டாயம். நாமும் அப்படித்தான். “நாமே விட்டுவிட்டோமே, உங்களுக்கென்ன?” என்று எத்தனை முறை கேட்டிருப்போம்!

இனி, பச்சை உணவே தவறா என்றால், இல்லை. கொதிக்க வைத்தால் கீரையிலுள்ள வைட்டமின் சி பெரும்பங்கு போய்விடுகிறது என்பது உண்மை. 2014இல் இங்குள்ள சுகாதார மேம்பாட்டு வாரியம் வெளியிட்ட உணவுத் தட்டுப் படத்திலும் பாதித் தட்டு காய்கனிக்குத்தான். ஆனால் எல்லாவற்றையும் பச்சையாக, எல்லோரும், எந்நாளும் என்றால் கதை வேறு. தக்காளியின் செந்நிறச் சத்து வெந்தால்தான் உடம்பில் நன்கு சேர்கிறது. ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தத் தீவு மக்களைக் காத்த மரவள்ளிக்கிழங்கு பச்சையாக உண்டால் நஞ்சு, வேகவைத்தால் உணவு. 2015இல் நன்னீர் மீனைப் பச்சையாக உண்ட பலர் கிருமி தொற்றி மருத்துவமனையில் விழுந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அத்தகைய மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்கே அரசாங்கம் தடை விதித்தது.

இவற்றைவிட நம்மைக் கலக்கியது ஜெர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட செய்தி. நெடுநாள் பச்சை உணவிலேயே இருந்த 216 ஆடவரையும் 297 பெண்டிரையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். பலர் எடை மிகக் குறைந்திருந்தார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதாந்திர ஒழுங்கு முழுதாகவோ ஓரளவோ நின்றிருந்தது. அவர்கள் யாவரும் தாமாக விரும்பி அவ்வுணவை ஏற்ற வயது வந்தவர்கள். நம் வீட்டிலோ வளரும் பருவத்து மகள் இருக்கிறாள். அவளிடம் நாம் கேட்கவேயில்லை. அவள் வாப்பா சொன்னால் வாய் திறவாள் என்பது நமக்குத் தெரியும்; தெரிந்துதான் கேட்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

நம் மார்க்க வரலாற்றிலும் அடுப்பெரியாத ஒரு வீடு உண்டு. இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்த்துவிடுவோம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீடுகளில் நெருப்பு மூட்டப்பட்டிராது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகனிடம் சொன்ன செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. பேரீச்சம் பழமும் தண்ணீருமே உணவு; அண்டை வீட்டு அன்சாரிகள் அனுப்பிய பாலும் உண்டு. நாம் இதை முதலில் நமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டு வீட்டில் உரையாற்றினோம். இல்லாள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, “அவங்க வீட்டில் இல்லாததால் எரியலை, நம்ம வீட்டில் இருந்தும் எரியலை” என்றார். நாம் பேச்சை நிறுத்திக்கொண்டோம். வறுமையைப் பொறுத்துக்கொண்ட பொறுமையை, வசதியுள்ளவன் தன் திட்டத்துக்குச் சான்றாக எடுப்பது நியாயமன்று.

சான்று எடுப்பதானால் உடும்புச் செய்தியை எடுத்திருக்க வேண்டும். உடும்பின் இறைச்சி பெருமானார் முன் வைக்கப்பட்டபோது அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று கேட்கப்பட்டதற்கு, இல்லை, தம் ஊரில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை. தாம் உண்ணாததைப் பிறர் தம் கண்ணெதிரே உண்பதைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம் அது. உணவு விஷயத்தில் இதைவிடக் கடினமான ஒழுக்கம் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. சோற்றை விடுவது எளிது. மகன் சோறு தின்பதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடியிருப்பதே பாடாயிருக்கிறது.

தகப்பனுக்கு அதிகாரமே இல்லையா என்று சிலர் கேட்கலாம். பிள்ளை இனிப்பு நீரையே குடித்து வளர்வேன் என்றால் விடுவதா? விடக்கூடாதுதான். ஆனால் கேட்டைத் தடுப்பது ஒன்று. நம் சோதனைக்குப் பிள்ளையைக் களமாக்குவது வேறு. சோதனை செய்கிறவன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்வான். காந்தி நிறுத்தினார், நாமும் சிராங்கூன் சாலையில் தேநீர் குடித்து நிறுத்தினோம். பத்து வயதுப் பிள்ளையும் பல் போன மூதாட்டியும் நாம் நிறுத்தினால்தான் நிறுத்த முடியும். நிறுத்தும் வல்லமை இல்லாதவரைச் சோதனையில் சேர்ப்பதற்கு, அவர்கள் சும்மா இருந்தார்கள் என்பது போதிய காரணமாகாது.

பத்தொன்பதாம் நாள் மாலை மறுபடி எல்லோரையும் உட்காரவைத்தோம். இம்முறை நாம் கேட்டோம், அவர்கள் சொன்னார்கள். மகள், வெள்ளரியும் கேரட்டும் தனக்குப் பிடிக்கிறது, சோற்றோடு வேண்டும் என்றாள். மகன் தலை குனிந்திருந்தான். பொய் சொன்னதற்காக அவனைக் கண்டித்தோம். பொய் சொல்லவைத்ததற்காக அவனிடம் மன்னிப்பும் கேட்டோம். எந்த வரிசையில் சொல்வது என்று வெகுநேரம் யோசித்து, மன்னிப்பையே முதலில் சொன்னோம். தாயார், ரமலானில் நோன்புக் கஞ்சியாவது உண்டா என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கவலையைப் பத்தொன்பது நாட்களாக நெஞ்சிலேயே வைத்திருந்திருக்கிறார். இல்லாளிடம் கேட்டபோது, “என்ன சமைக்கணும்னு சொல்லாதீங்க, எவ்வளவு வேணும்னு சொல்லுங்க” என்றார்.

இப்போது நம் தட்டில் பாதி பச்சையாக இருக்கிறது. அதை நறுக்குவது நம் வேலை. மாத்திரையின் அளவை மருத்துவர் பார்த்துக் கொடுத்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாள், செவ்வாயன்று, நாம் மட்டும் அடுப்பேறாத உணவு உண்கிறோம். அருகில் மற்றவர்கள் மீன் ஆணம் உண்கிறார்கள். மணம் வரத்தான் செய்கிறது.

அடுப்பு மூட்டிய முதல் வெள்ளிக்கிழமை, பாத்திரத்தில் ஆணம் அண்டை வீட்டுக்குப் போயிற்று. நடந்ததையெல்லாம் இல்லாள் மலாய் மூதாட்டியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாலையில் பாத்திரம் திரும்பி வந்தபோது, கழுவிய வல்லாரையும் உலாம் ராஜா இலையும் நிறைந்திருந்தன. ஓரத்தில் ஒரு கிண்ணம் சம்பல். மலாய்க்காரர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சோற்றோடு பச்சை இலையை இப்படித்தான் உண்கிறார்கள் என்பதும், இதற்கு நூல் எதுவும் தேவைப்படவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகன் ஓர் இலையைச் சம்பலில் தொட்டுத் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய, இன்னொன்று கேட்டான்.